ஒடுக்கு எடுத்த ஞாயிற்றுக்கிழமை

1. திங்கட்கிழமை காலை

ஷிஃப்ட் ஆரம்பித்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மேரி தன் இடத்துக்குப் போகாமல் நேராக என் மேஜைக்கு வந்தாள். இடுப்பில் ஓர் எவர்சில்வர் குடம். காலிக் குடம்தான், ஆனால் தண்ணீர் நிறைந்த குடத்தைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"இதுல ஒரு ஒடுக்கு இருந்துச்சே அண்ணா, எங்க?" என்றாள்.

எனக்குப் பெருமையில் சிரிப்பு வந்தது. "எடுத்தாச்சும்மா. நேத்து லீவுன்னுகூட பாக்காம நாலு பேர் வந்து எல்லாத்தையும் தட்டி எடுத்துட்டோம். பாரு, புதுசு மாதிரி இல்ல?"

குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வயிற்றுப் பக்கத்தை உள்ளங்கையால் தடவினாள். "புதுசு மாதிரிதான் இருக்கு," என்றாள். பிறகு அதை என் மேஜைமேல் வைத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

புதிதாக சூப்பர்வைசர் ஆகியிருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வெல்டிங் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை, எல்லாம் உங்கள் ஃபோனிலேயே இருக்கிறது. இந்தத் தப்பு அதில் இருக்காது. ஏனென்றால் இதைச் செய்தவன் நான்.

2. வந்த வேலை

எங்கள் ஷாப் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் இருக்கிறது. முப்பது பேர் வேலை செய்யும் சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட். பெரிய கம்பெனிகளுக்கு எவர்சில்வர் டேங்க், கன்வேயர் கவர், மெஷினுக்குப் பாதுகாப்பு மூடி செய்து கொடுப்போம். காவேரிப்பட்டினத்திலிருந்து ஐ.டி.ஐ. சர்டிஃபிகேட்டோடு ஓசூருக்குப் பஸ் ஏறி வந்து, அங்கேயே ஹெல்ப்பர், வெல்டர், சூப்பர்வைசர் என்று முப்பத்து மூன்று வருஷத்தை ஓட்டியவன் நான்.

ரிட்டயர் ஆவதற்கு இரண்டு வருஷம் இருக்கும்போது முதலாளி ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "ஒரு செல செய்யணும்பா. நம்மளால ஆவுமா?" என்றார். டேங்க் செய்கிறவனிடம் சிலை செய்ய முடியுமா என்று கேட்டால் என்ன சொல்வது? "ட்ராயிங் இருந்தா எதுவும் ஆவும் சார்," என்றேன்.

ட்ராயிங் போட்டவர் நந்தினி மேடம். பெங்களூரில் இருக்கும் சிற்பி. வீட்டில் கன்னடம், எங்களிடம் நல்ல தமிழ். ஓசூரில் உள்ள ஒரு பெண்கள் அமைப்பு அவரிடம் இந்த வேலையை ஒப்படைத்திருந்தது. ஒரு நிலைப்படி. அதைத் தாண்டி வெளியே காலெடுத்து வைக்கிற ஒரு பெண். ஒன்பது அடி உயரம். உள்ளே பைப்பில் எலும்புக்கூடு, அதன்மேல் உடம்பு முழுக்க வீட்டுப் பாத்திரங்கள். தட்டு, சொம்பு, டிபன் பாக்ஸ், குடம். ரோட்டோரம், நாலு பக்கமும் வண்டி போகிற ஜங்ஷனில் அது நிற்கப் போகிறது.

"வீட்டுக்குள்ள பொம்பளைங்க அடி வாங்கறத பத்தி யாரும் வாய் தெறக்கறதில்ல சார்," என்றார் நந்தினி மேடம். "ரோட்டுல ஒண்ணு நின்னா என்னான்னு கேக்கத்தானே வேணும்?"

எனக்கு அது பிடித்திருந்தது. இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவன் நான். எனக்குப் பிடிக்காமல் இருக்குமா?

மூன்று மூட்டைப் பாத்திரங்களை இறக்கினார். ஒவ்வொன்றிலும் நம்பர் போட்ட அட்டை கட்டியிருந்தது. கூடவே ஒரு காக்கிக் கவர். "இதெல்லாம் பெண்களே குடுத்தது. விவரம் எல்லாம் கவர்ல இருக்கு. படிச்சிட்டு ஆரம்பிங்க. அடுத்த வாரம் வரேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கவரை டிராயரில் போட்டேன். ட்ராயிங்கை மட்டும் விரித்தேன். பேஸ் பிளேட் எவ்வளவு, ஃபவுண்டேஷன் போல்ட் எத்தனை, இதெல்லாம்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய ஜாப் கார்டைப் படிக்காமல் வேலை தொடங்கிய பையன்களை ஷாப் முழுக்கக் கேட்கும்படி திட்டியிருக்கிறேன். அந்தக் கவர்தான் இந்த வேலையின் ஜாப் கார்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏதோ நன்கொடை கொடுத்தவர்கள் லிஸ்ட் என்று நினைத்துக்கொண்டேன்.

3. ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை மாலை மூட்டைகளைக் கொட்டினோம். நாற்பதுக்கு மேல் பாத்திரம். ஒன்றுகூட ஒழுங்காக இல்லை. ஒடுக்கு விழுந்த சொம்பு, விளிம்பு மடங்கிய தட்டு, மூடி மூடாத டிபன் பாக்ஸ்.

நாகராஜ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தான். கெலமங்கலத்துக்காரன். வீட்டில் தெலுங்கு பேசுவான், கோபம் வந்தால் கன்னடம், எங்களோடு தமிழ். பஸ் பாடி கட்டுகிற இடத்தில் டிங்கரிங் கற்றுக்கொண்டவன். தகட்டில் எப்பேர்ப்பட்ட பள்ளம் இருந்தாலும் அவன் கை பட்டால் சமமாகிவிடும்.

"என்னா சார் இது? பழைய சாமான்காரனுக்குப் போடறதையெல்லாம் குடுத்து வெச்சிருக்காங்கோ. பொம்பளைங்களுக்கு செல வெக்கறாங்களாம், நல்ல பாத்திரமா குடுத்தா கொறஞ்சா போயிடுவாங்கோ?"

எனக்கும் அதே வருத்தம்தான். பெண்களைப் பெருமைப்படுத்த ஒரு சிலை, அதையும் நசுங்கின பாத்திரத்தில் செய்வதா? நாளைக்கு ஜங்ஷனில் நிற்கும்போது எங்கள் ஷாப்பைத்தானே நாலு பேர் சிரிப்பார்கள்.

"நாளைக்கு வரியா? ஓ.டி. கிடையாது," என்றேன்.

"ஓ.டி. யாருக்கு சார் வேணும்," என்றான்.

ஞாயிறு காலை நாலு பேர் வந்துவிட்டோம். நான் பரோட்டா வாங்கிக்கொண்டு போனேன். மணல் மூட்டை, மரச் சுத்தியல், உள்ளே தாங்கு கொடுக்க இரும்புக் குமிழ். நாகராஜ் பாட்டுப் பாடிக்கொண்டே தட்டினான். தட்டியதை பஃபிங் வீலில் கொடுத்துக் கண்ணாடியாக்கினோம். இப்படி மனசு நிறைந்து வேலை செய்த நாட்கள் எனக்குக் குறைவு.

குடத்தை நானே எடுத்தேன். வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு ஆழமான ஒடுக்கு. நடுவில் ஒரு மடிப்பு வேறு. அவசரப்பட்டால் மடிப்பு கிழிந்துவிடும். சுற்றிலும் இருந்து உள்ளே, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக்கொண்டு வந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முடித்தபின் விரலால் தடவினால் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. கழுத்தில் கல்யாணச் சீர் பாத்திரங்களில் வெட்டுவதுபோல, புள்ளி புள்ளியாக ஒரு பெயர் இருந்தது. பஃபிங் வீல் அந்த வளைவுக்குள் போகவில்லை. நானும் என்ன பெயர் என்று பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி ஃபோட்டோ எடுத்தேன். நந்தினி மேடத்துக்கு அனுப்பலாமா என்று யோசித்து, நேரில் வந்து பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

4. கவர்

கழுத்தில் இருந்த பெயர் ஆரோக்கியமேரி.

மேரி எங்கள் ஷாப்பில் ஆறு வருஷமாக டீபர்ரிங் செய்கிறாள். வெட்டிய தகட்டின் ஓரத்தில் நிற்கும் பிசிறைப் பென்சில் கிரைண்டரால் எடுப்பது அவள் வேலை. இன்ஸ்பெக்‌ஷனும் பார்ப்பாள். எட்டு மாதமாக வீட்டுக்காரரை விட்டுப் பிரிந்து, மகளோடு தனியாக வாடகை ரூமில் இருந்தாள். கேஸ் நடந்துகொண்டிருந்தது.

அதற்கு முன்னால் ஒரு கதை உண்டு. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாவிட்டால் இது முழுசாகாது. இரண்டு வருஷம் முன்பு அவள் கையில் கட்டோடு வேலைக்கு வந்தாள். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். அன்று மாலையே அவள் வீட்டுக்காரர் எங்கள் கேட்டுக்கு வந்தார். லோடு வண்டி ஓட்டுகிறவர். குடிக்க மாட்டார், பீடி சிகரெட் கிடையாது, வாய் நிறைய அண்ணா என்பார். "அவளுக்கு கோவம் ஜாஸ்திண்ணா. நீங்க சொன்னா கேப்பா. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கண்ணா," என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. மறுநாள் மேரியைக் கூப்பிட்டு, "நல்ல மனுஷன்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ," என்றேன். அவள் சரிண்ணா என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

இப்போது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கும்.

"பேப்பர்ல எழுதிக் குடுத்திருந்தேனே அண்ணா. நம்ம ஷாப்புக்கே இந்த வேல வருதுன்னு தெரிஞ்சப்ப ரெண்டு நாள் தூக்கமே இல்ல. வெள்ளிக்கெழம நீங்க வந்து 'சாப்பிட்டியாம்மா'ன்னு கேட்டீங்க பாருங்க, அண்ணன் படிச்சிட்டாரு, அதான் கேக்கறாருன்னு நெனச்சேன்."

நான் எல்லோரையும்தான் சாப்பிட்டாயா என்று கேட்பேன். டிராயரைத் திறந்து கவரைக் கிழித்தேன். பதினேழாம் நம்பர் அவளுடையது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

'எங்கம்மா சீராகக் கொடுத்த குடம். என் மேல் எறிந்தார். நான் விலகினேன், சுவரில் பட்டது. யாரிடம் சொன்னாலும் அவர் நல்லவர் என்கிறார்கள்.'

இப்படி நாற்பதுக்கு மேல் தாள். ஒவ்வொரு ஒடுக்குக்கும் ஒரு தாள். நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு தட்டி எடுத்தது அதைத்தான்.

"எங்க அடிச்சான், காட்டுன்னு மாமியார் கேப்பாங்க. இந்தக் கொடத்தத்தான் காட்டுவேன்," என்றாள் மேரி. "அவரு தெனம் அந்த ஜங்ஷன் வழியாதான் வண்டி ஓட்டறாரு. தெனம் பாக்கட்டும்னுதான் குடுத்தேன். இப்ப கல்யாணத்தன்னிக்கு இருந்த மாதிரி ஆக்கிட்டீங்களேண்ணா. நடக்கவே இல்லன்னு ஆயிப்போச்சு."

நாகராஜ் எப்போது பின்னால் வந்து நின்றான் என்று தெரியவில்லை. "ஐயோ தேவரே," என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டான். பிறகு ஓடிப்போய் சுத்தியலை எடுத்து வந்தான். "இரு மேரி, எடுத்தது நாங்கதானே. அதே எடத்துல, அதே மாதிரி ஒண்ணு போட்டுடறேன். வித்தியாசமே தெரியாது."

மேரி எழுந்து குடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "வேணாண்ணா. ஒருத்தர் அடிச்சது போதும்."

அவன் சுத்தியலை மெதுவாக பெஞ்சின்மேல் வைத்தான். எங்கள் ஷாப்பில் சுத்தியலை அப்படிச் சத்தமில்லாமல் யாரும் வைத்து நான் பார்த்ததில்லை.

5. மார்க்கர்

அந்த நேரத்தில் வழி கண்டுபிடித்தது நானில்லை. மேரிதான்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு குறை கண்ணில் பட்டால், முதலில் அதைச் சுற்றிச் சிவப்பு மார்க்கரில் வட்டம் போட வேண்டும். வட்டம் போட்ட பிறகுதான் ரீவொர்க். குறை சரியாகிப் போனாலும் இங்கே ஒன்று இருந்தது என்பதற்கு வட்டம் சாட்சி. மேரி ஒரு நாளைக்கு ஐம்பது வட்டமாவது போடுவாள்.

ஏப்ரன் பாக்கெட்டிலிருந்து மார்க்கரை எடுத்தாள். கண்ணை மூடி, குடத்தின் வயிற்றில் விரலை ஓட்டினாள். எனக்கே தெரியாமல் போன இடம் அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. அங்கே ஒரு வட்டம் போட்டாள்.

"இங்கதான் இருந்துச்சு," என்றாள்.

நந்தினி மேடத்துக்கு ஃபோன் செய்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "நான் வாயால சொல்லியிருக்கணும் சார். கவர்ல வெச்சது என் தப்பு," என்றார். அவர் தப்பு ஒன்றும் இல்லை. இருந்தாலும் அப்படிச் சொன்னாரே, அந்த மனசை இன்றைக்கும் கை எடுத்துக் கும்பிடுகிறேன். மேரி போட்ட வட்டத்தைப் பற்றிச் சொன்னதும், "எல்லாரையும் வரச் சொல்றேன்," என்றார்.

மேடமும் ஷாப்புக்கே வந்துவிட்டார். அந்த வாரம் முழுக்க இரண்டு பேர், மூன்று பேராகப் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் நான் மன்னிப்புக் கேட்டேன். ஓர் அம்மா என்னைத் திட்டித் தீர்த்தார், வாங்கிக்கொண்டேன். இன்னோர் அம்மா தன் பேசினைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "ஒடுக்கு போச்சா? அப்ப எனக்கு மாவு கரைக்க ஆச்சு. செலைக்கு வேற பாத்துக்கோங்க," என்று கையோடு எடுத்துப் போய்விட்டார். அதுவும் நியாயம்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு வட்டம் போட்டார்கள். போடும்போது என்ன நடந்தது என்று சொன்னார்கள். நாங்கள் மெஷினை நிறுத்திவிட்டு நின்று கேட்டோம்.

கெலமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும். நாகராஜ்தான் நந்தினி மேடத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெண் சொல்லச் சொல்ல, "சோத்துல உப்பு இல்லன்னு தட்ட எம்மேல வீசினாரு. நான் புள்ளய மடியில வெச்சிருந்தேன்," என்று நாகராஜ் தன் வாயால் நான், நான் என்றே சொல்லிக்கொண்டு வந்தான். பாதியில் எழுந்து போனான். தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைச் சொன்னான்.

மார்க்கர் மை வெயிலுக்குத் தாங்காது. அதனால் அத்தனை வட்டங்களையும் மேரியே பென்சில் கிரைண்டரால் பொறித்தாள். அரை மில்லிமீட்டர் தகடு. கொஞ்சம் அழுத்தினால் ஓட்டை. ஒன்றில்கூட ஓட்டை விழவில்லை. வெல்டிங்கை நான் செய்தேன். பின்னால் செம்புத் துண்டு கொடுத்துச் சூட்டை இழுத்து, ஆம்பியரை அடிமட்டத்தில் வைத்து டிக் வெல்டிங். குடத்தைப் பொருத்தும் முன் நந்தினி மேடம் மேரியிடம் கேட்டார்.

"பேர் தெரியுதே. உள்பக்கமா திருப்பி வெச்சுடலாமா?"

"ரோட்டுப் பக்கமே இருக்கட்டும் மேடம்," என்றாள் மேரி. "எங்கம்மா காசு குடுத்து வெட்டின பேரு."

சனிக்கிழமை நாகராஜ் ஒரு டிபன் பாக்ஸோடு வந்தான். நம்பர் அட்டை இல்லை. மூடியில் ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது.

"இது எங்க ஊட்டுது சார். நான் எறிஞ்சது," என்றான். "அவளக் கேட்டுட்டுதான் எடுத்தாந்தேன்."

மேரி அதை வாங்கிப் பார்த்துவிட்டு நந்தினி மேடத்திடம் கொடுத்தாள். தகட்டில் எந்தப் பள்ளத்தையும் சமமாக்குகிறவன் அதை மட்டும் தட்டாமல் கொண்டு வந்திருந்தான். இன்றைக்கும் அந்தச் சிலையில் ஒடுக்கோடு இருக்கிற பாத்திரம் அது ஒன்றுதான்.

6. கேட்டில் இரண்டாம் முறை

சிலையை ஜங்ஷனில் நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருக்கும். சாயங்காலம் கேட்டில் யாரோ கூப்பிடுவதாகச் சொன்னார்கள். மேரியின் வீட்டுக்காரர். அதே சிரிப்பு, அதே அண்ணா.

"நல்லா இருக்கீங்களாண்ணா? ஒரு சின்ன விஷயம். அந்தக் கொடத்துல அவ பேரு இருக்கு. வண்டி ஸ்டாண்டுல ஆளாளுக்கு கேக்கறாங்கோ. அதுல ஒண்ணுமே இல்லையே, சும்மா ஒரு வட்டந்தானே? நீங்க செஞ்சதுதான, ஒரு நிமிஷத்துல எடுத்துடலாமே."

முதல் முறை வந்தபோது அவர் பேச்சுக்குத் தலையாட்டிய அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"அதுல ஒடுக்கு இருந்துச்சு தம்பி," என்றேன். "தட்டி எடுத்தது நான்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. எவ்ளோ ஆழம்னு உங்களுக்கு அடுத்து எனக்குத்தான் தெரியும். கோர்ட்டுல கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன்."

சிரிப்பு நின்றது. என்னை ஒரு தரம் பார்த்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் பிறகு எங்கள் கேட்டுக்கு வரவே இல்லை. கோர்ட்டில் என்னைக் கூப்பிட்டார்கள், போய்ச் சொன்னேன்.

அவர் கேட்டுக்கு வந்த அன்றே மேரியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, அதோடு பழைய கடனையும் தீர்த்துவிடலாம் என்று, "அன்னிக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னு சொன்னேனேம்மா, தப்பும்மா," என்றேன்.

"அதுக்கும் ஒரு வட்டம் போட்டு வெச்சிருக்கேண்ணா," என்றாள் மேரி. "பெருசா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிள்ளைகளா, குறை என்று கண்ணில் பட்டதும் கை பரபரக்கும். நம் தொழில் அப்படி. சரி செய்யத்தான் சம்பளம் வாங்குகிறோம். ஆனால் கை வைக்கும் முன் உடையவர்களைக் கேளுங்கள். அவர்கள் எழுதிக் கொடுத்ததைப் படியுங்கள். யாராவது கையில் கட்டோடு வந்து வழுக்கி விழுந்தேன் என்று சொன்னால், நல்ல மனுஷன், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்று தட்டிச் சமமாக்கப் பார்க்காதீர்கள்.

என்னைத் திட்டாமல், வேலையை விட்டுப் போகாமல், தன் மார்க்கரை எடுத்து எனக்கும் சேர்த்து வழி செய்தாளே மேரி, அவளுக்கு நான் எப்படி நன்றி சொன்னாலும் போதாது. அவளும் மகளும் இப்போது அதே மூக்கண்டப்பள்ளியில்தான் இருக்கிறார்கள். மேரிதான் இன்று அந்த ஷாப்பின் இன்ஸ்பெக்‌ஷன் இன்சார்ஜ்.

நான் ரிட்டயர் ஆகி ஊருக்குத் திரும்பிவிட்டேன். ஓசூருக்குப் போகும்போதெல்லாம் அந்த ஜங்ஷனில் இறங்கிவிடுவேன். குடம் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. வட்டத்துக்குள் விரல் வைத்துத் தடவிப் பார்ப்பேன். வழவழவென்று இருக்கும், ஒரு பிசிறு தட்டாது. முப்பத்து மூன்று வருஷத்தில், கொஞ்சம் மோசமாகச் செய்திருக்கலாமே என்று நான் நினைக்கிற வேலை அது ஒன்றுதான்.